மாத்தா

பாகாவ் பொது மண்டபத்தில்
முதல் நாள் காலை
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தார்கள்.
நூற்று ஐம்பத்தெட்டு, கீழே தொண்ணூற்றாறு.
தாதி சிவப்பு மையில் எழுதிவிட்டு
"கோப்ரல், ஒழுங்காத் தூங்குறீங்களா?" என்றாள்.
எந்த ஷிப்டில் என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

சிரம்பானிலிருந்து வந்த பயிற்சியாளர் சித்தி ஹவா
விளக்கை அணைக்கச் சொன்னார்.
மூச்சை இழுங்கள், நாலு எண்ணுங்கள், தாஹான்.
மலாயில் மூச்சுக்கும் அதே சொல்,
லாக்கப்பில் இருப்பவனுக்கும் அதே சொல்.
தமிழில் மட்டும் என்ன,
பிடி என்றால் பிடிதான்.
பின்வரிசையில் இரண்டு பேருக்குத் தோள் இறுகியது.

இருபத்திரண்டு போலீஸ்காரர்கள்
கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை
இந்த ஊர் பார்த்ததில்லை.
பார்க்கும் ஆசையில்
என் இடது கண்ணை மெல்லத் திறந்தேன்.
சார்ஜன் ரோஸ்லானுக்கும் ஒரு கண் திறந்திருந்தது.
சரவாக்கிலிருந்து வந்த ஜுகாவுக்கு இரண்டும்.

தோட்டத்தில் எங்களை மாத்தா என்பார்கள்.
மலாய்க்காரர் வைத்த பெயர்,
கண்ணோடு கண் சேர்த்து மாத்தா-மாத்தா.
நான் லயத்துப் பிள்ளையாய் இருந்தபோது
அந்தச் சொல் காதில் விழுந்தால்
சம்சு பாட்டில் கோழிக்கூண்டுக்குள் போகும்,
அப்பா சட்டை போடுவார்.
காது என்று எங்களுக்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

இரண்டாம் நாள் பாடம் காது.
தொப்பி வேண்டாம். குறிப்புப் புத்தகம் வேண்டாம்.
வீட்டுக்குப் பத்து நிமிடம்,
குறுக்கே பேசக்கூடாது.

செம்பனைக் காட்டைத் தாண்டி
மூணாவது டிவிஷன் லயத்தில் வேன் நின்றது.
பாதி வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள்.
பின்கதவுகள் திறந்து மூடும் சத்தம்.
பாஸ்போர்ட் கேட்கமாட்டோம் என்று ஜுகா கத்தினான்.
அதற்கப்புறம்
முன்கதவுகளும் மூடின.

பதினோராம் எண்ணில் அஞ்சுகம்.
"யாரைத் தேடி?"
யாரையும் இல்லை, சும்மா.
"சும்மாவுக்கு எதுக்கு யூனிபார்ம்?"

சொன்னாள்.
எரியாத தெருவிளக்கை,
மண்சாலை முனையோடு திரும்பிவிடும் பள்ளி பஸ்ஸை,
கோயில் உண்டியலை உடைத்தவன் யாரென்று
லயம் முழுக்கத் தெரியும் என்பதை.
பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
நாக்கு நுனிக்கு வந்த கேள்வியை விழுங்கினேன்.
காரமாய் இறங்கியது.

எட்டாவது நிமிடம் உள்ளே போய்
மைலோ டின்னிலிருந்து ஒரு தாளோடு வந்தாள்.
மகனின் கப்சாய், என் டி எச் நாலு நாலு ஒன்று ஏழு.
வண்டி போனது, பேக்டரி வேலை போனது,
அவனும் ஜொகூர் பக்கம் போய்விட்டான்.
"ஆறு வருஷம். கூப்பிடுறோம்னாங்க."

மடிப்பில் எழுத்து கிழிந்திருந்தது.
கீழே கையொப்பம்.
கடைசி எழுத்தின் வாலை அடிக்கோடாய் இழுப்பது
அந்த ஸ்டேஷனில் ஒரே ஆள்.
பக்கத்தில் என் பேட்ஜ் எண்.

அவள் முகத்தை நினைவில் தேடினேன்.
அன்றைக்கு மழையா, நோன்பு மாதமா,
நின்றாளா, நாற்காலி கொடுத்தேனா?
ஒன்றும் கிடைக்கவில்லை.

மூச்சை இழுத்தேன், நாலு எண்ண.
மூன்றில் நின்றது.
"என்னம்மா, ஒனக்கு இப்படி எளைக்குது?"
உர வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.
உட்கார்ந்தேன்.
கையெழுத்து என்னுடையது என்றேன்.
"தெரியும். கதவைத் தொறந்தப்பவே தெரியும்."

வேனில் ஹார்ன் அடித்தார்கள்.

பாரத்தில் கடைசிக் கேள்வி:
இன்று மனம் எப்படி இருக்கிறது,
ஒன்றிலிருந்து பத்துக்குள்.
நாலு நாலு ஒன்று ஏழு என்று எழுதி
அடித்துவிட்டு
ஐந்து போட்டேன்.

இப்போது கொஞ்சம் தூங்குகிறேன்.
பட்டை சுற்றினால் நூற்று நாற்பத்தொன்பது.
சந்தைச் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு கப்சாயின் பின்னாலும்
குனிந்து எண்ணைப் படிக்கிறேன்,
சேறு பூசியிருந்தால்
பூட்ஸ் நுனியால் துடைத்துவிட்டு.